இடைவேளை உட்கார்ந்த இடங்கள்

இடைவேளை என்று ஊரே கூப்பிட்ட மனிதன் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்காலி எதுவும், அவன் எழுந்து போன பிறகு ஆறியதில்லை. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் ஒன்று, அருங்காட்சியகத்தின் கடைசி அறையில் ஒன்று, சினிமாத் தியேட்டரின் கடைசி வரிசையில் ஒன்று, பேருந்து நிலையத்துத் தொலைந்த பொருள் அலுவலகத்தில் ஒன்று, பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒன்று. ஐந்திலும் ஒரே சூடு. சுடுகிற சூடு இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று நினைக்க வைக்கும் சூடு. அந்த இடங்களில் பிறகு வேலைக்கு வந்தவர்கள் முதல் சில நாட்கள் உட்காரத் தயங்கிவிட்டு, அப்புறம் பழகிக்கொண்டார்கள். குளிர் நாட்களில் எடை மேடைக்கு ஆள் எடுப்பது சுலபமாக இருந்தது என்று அங்கே சொல்வார்கள்.

இதெல்லாம் அவனுடைய அக்காவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். தைத்த காலரை உள்வெளியாகத் திருப்பி, முனை கூராக வரும்படி குச்சியால் தள்ளி, ஓரத்தில் ஒரு தையல் போடுவது அவள் வேலை. இருபத்தாறு வருடம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து அதைச் செய்தாள். "இவங்களை மாதிரி உக்கார்ற ஆள் இனிமே கிடைக்காதும்மா" என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் அவளைக் காட்டுவார். அந்த ஸ்டூல் தினமும் காலையில் ஜில்லென்றுதான் இருக்கும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. இரும்பு ஸ்டூல் வேறெப்படி இருக்கும்?

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஒன்பது. அன்றிலிருந்து நான்காவது மாடியில் ஒரு அறையும் சமையலறையும் இருந்த வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி ஒரு வேலையில உக்காரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினாள். அப்படிக் கேட்டவர்களில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் மட்டும் நான்கு வருடம் காத்திருந்தார். மற்றவர்களுக்கு நேரம் இல்லை.

வேலை கிடைத்தவனையும் உட்கார்ந்துவிட்டான் என்கிறோம், கிடைக்காதவனையும் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்கிறோம். இந்த இரண்டு உட்காருவதற்கும் என்ன வித்தியாசம் என்பது தம்பிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எங்கே போட்டாலும் நன்றாகவே உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு செய்ய வேண்டியதில்தான் தகராறு. எடை மேடையில் லாரி ஏறினால் ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டு எடை போட வேண்டும். இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறவர்களை எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு, ஊருக்குள் வந்த சிமெண்டில் லாரிக்கு ஒரு ஆள் எடை குறைகிறது என்று கண்டுபிடித்து அவனை அனுப்பினார்கள். அருங்காட்சியகத்தில் எவளோ ஒரு ராணியின் கட்டிலைக் காவல் காக்கும் வேலை. கால் வீங்கிய ஒரு அம்மாள் தட்டுத்தடுமாறி வந்தபோது, கயிற்றை அவிழ்த்து, "கொஞ்ச நேரம் படுங்கம்மா, யாரும் வரமாட்டாங்க" என்றான். அன்றைக்குப் பார்த்து அமைச்சர் வந்தார்.

மூன்றாவது தியேட்டர். இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கடைசி வரிசையில் சுவரோரம் உள்ள சீட்டில் தானும் உட்கார்ந்துகொள்ளலாம். அப்போது ஒரு சிரிப்புப் படம் அங்கே நாள் கணக்கில் ஓடியது. உருப்படாத ஒருவன் வேலை வேலையாகத் தாவுகிற கதை. சேருகிற இடத்தில் எல்லாம் எதையாவது கவிழ்ப்பான், முதலாளி துரத்துவார், அடுத்த இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டான். தன் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவைத்து, கேட்டவர்களிடம் எல்லாம் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிப் பிடித்து வைத்திருந்தான். அவள் தியேட்டருக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த உருப்படாதவன் பெயிண்ட் டப்பாவில் காலை விட்டபடி ஓடிய இடத்தில் அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கு போட்டதும் பார்த்தால், தம்பி திரைப் பக்கம் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. நீ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல." காலித் திரையைக் காட்டி, "ஆனா அவனைப் பாரேன். படம் பூரா நிக்கறான், இல்லைன்னா ஓடறான். எழுபது தடவை பார்த்துட்டேன், ஒருத்தர்கூட அவனை உக்காருன்னு சொல்லல" என்றான்.

"உக்கார வெச்சா கதை முடிஞ்சு போயிடும்டா, லூசு."

எண்பத்தி ஒன்றாவது காட்சியில், படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவன் மேனேஜர் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்து போய் அதைத் திரைக்கு முன்னால் போட்டான். போட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக் கையைக் காட்டினான். துரத்தப்பட்டு ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு கணம் நின்று நாற்காலியைப் பார்த்தான் என்று முன் வரிசையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். பின்னால் இருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. "என்னப்பா, இடைவேளை விட்டாச்சா?" என்று யாரோ கத்த, தியேட்டரே சிரித்தது. மேனேஜர் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எப்போது பார்த்தாலும் போன வேலைக்கும் வரப்போகிற வேலைக்கும் நடுவில் இருந்த ஆளுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அதே வாரம்தான் கடிகாரக்காரர் வேறு இடத்தில் கல்யாணத்தை முடிவு செய்திருந்தார். அக்கா அன்று கம்பெனியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பி நடந்ததைச் சொல்லிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனான்.

"ஒரு வேலையில ஒழுங்கா உக்கார்ற வரைக்கும் இந்த வீட்டுல நீ உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

பாதி குனிந்தவன் அப்படியே நிமிர்ந்தான். "சரிக்கா" என்றான்.

அவள் அதை மறந்துவிட்டாள். கோபத்தில் சொன்னதை எல்லாம் எழுதியா வைத்துக்கொள்வார்கள்? தம்பி மட்டும் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்த வீட்டுக்குள் உட்காரவில்லை. சமையல் மேடை மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டான். பேப்பரை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து நின்றுகொண்டே படித்தான். ஷூ லேஸ் கட்ட ஒரு காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டான். தூக்கம் வந்தால் நேராகப் பாயில் சாய்ந்தான், விழித்தால் ஒரே மூச்சில் எழுந்து நின்றான். "உக்காந்துதான் தின்னேன்டா, யாரோ விரட்டற மாதிரி நிக்கறே" என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். "இருக்கட்டும்க்கா, இன்னும் இல்ல" என்பான். இது இவனுடைய கோணங்கித்தனங்களில் ஒன்று என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்தப் பதினான்கு வருடத்தில் அவன் மேலும் பல வேலைகள் பார்த்தான். பெரும்பாலும் நிற்கிற வேலைகள். உட்கார்ந்தது இரண்டில்தான். தொலைந்த பொருள் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்தான். மழை வந்தால் அலமாரியிலிருந்த குடைகளை எடுத்து நனைகிறவர்களுக்குக் கொடுத்தான். "தொலைச்சவங்க இந்நேரம் வேற வாங்கியிருப்பாங்க சார், இவங்க இப்ப நனையறாங்களே" என்று விளக்கமும் சொன்னான். அங்கே வேலை பார்த்தபோதுதான் வீட்டுச் சாவியை மூன்றாவது தடவையாகத் தொலைத்தான். இனி ஒரே சாவி, அது என்னிடம்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் மாலை ஆறு மணிக்குப் படியேறி வரும்போது, அவன் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பான். இப்போதுதான் வந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு படியில் எப்போதும் ஏதாவது ஒரு பூனை சுருண்டு கிடக்கும். அதைத் தாண்டிப் போவாள். தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது, அந்த வெதுவெதுப்புக்குப் பூனை வருகிறது என்று கட்டடத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

பல் டாக்டரிடம் டோக்கன் கூப்பிடும் வேலையில் இருந்து நின்ற மறுவருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் தொலைந்த பொருள் அலுவலகத்து குமாஸ்தா நான்கு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "இடைவேளைக்கு உடம்பு எப்படி இருக்கும்மா? நாற்காலி திங்கட்கிழமையிலேருந்து கொதிக்குது. பல் டாக்டர்கிட்டயும் அப்படித்தானாம்."

"நாற்காலிக்குக் காய்ச்சல் வந்தா நாற்காலிக்கு மாத்திரை கொடுங்க" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். தம்பி நிலைக்காமல் விட்டு வந்த இடங்களின் பேச்சே அவளுக்குப் பிடிக்காது. ஊரார் அதை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். காய்ச்சல் இறங்கிய அன்றைக்கே நாற்காலிகளுக்கும் இறங்கியது.

அவன் கடைசியாகச் செய்த வேலை வரிசையில் நிற்பது. நேரமில்லாதவர்களுக்காக அலுவலகங்களில் போய் நின்று, அவர்கள் வரும்வரை இடத்தைப் பிடித்து வைப்பான். நாற்பத்தி ஒரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, மின்சார அலுவலகத்து வரிசையில் நின்றபடியே இறந்துபோனான். முன்னால் இருந்தவர் தன் தோளில் சாய்ந்து தூங்குகிறான் என்று நினைத்தார். பின்னால் இருந்தவர் நல்லவர், வரிசை நகரும்போதெல்லாம் அவனை மெல்ல அணைத்து நகர்த்தினார். கவுண்ட்டரில் அவன் முறை வந்தபோதுதான் தெரிந்தது. யாருக்காக நின்றிருந்தானோ அவர் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தார். அவருடைய வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

அவன் போன பிறகு நாற்காலிகள் ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆறவில்லை. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, குமாஸ்தா வழியில் அக்காவைப் பார்த்து அதைச் சொன்னார். இந்தத் தடவை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பின்னாலேயே போனாள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கம்பெனிக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் முதல் முறையாக லேட்டாகப் போன நாள் அது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, இருந்த எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னலோர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, சமையலறை முக்காலி, இரும்புப் பெட்டி, கட்டில் விளிம்பு. எல்லாம் ஜில்லென்று இருந்தன. சின்ன வயதில் அவன் உட்கார்ந்த சூடுகூட மிச்சமில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பதினான்கு வருடத்துக்கு முன்னால் தான் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. அவன் பாதி குனிந்து நிமிர்ந்ததும். ஊரெல்லாம் அவன் இருந்தான், அவளுடைய வீட்டில் மட்டும் இல்லை. அதைச் சொல்ல அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லாததால், எழுந்து விளக்கைப் போட்டாள்.

ஒரு நாற்காலியாவது வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று தீர்மானித்தாள். எடை மேடையை ஊருக்கு வெளியே மாற்றி, பழையதை இடித்திருந்தார்கள். இடிந்த இடத்தில் லாரிக்காரர்கள் வெதுவெதுப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்த நாற்காலிக்கும் கயிறு கட்டி எண் கொடுத்துவிட்டார்கள். தியேட்டரில் ஒன்பது சீட் ஒரே சட்டத்தில் முடுக்கியிருந்தது. "எடுத்தா ஒன்பதையும் எடுக்கணும்மா, நாலாவது மாடிக்கா?" என்றார் மேனேஜர். குமாஸ்தாவுக்கு அவள்மேல் இரக்கம்தான். ஆனால் சட்டம் இருந்தது. "தொலைஞ்ச பொருளைத்தான் நாங்க கொடுக்க முடியும். நாற்காலி தொலையலையே. தொலைஞ்சாலும் இங்கதான் வரும்."

பல் டாக்டர்தான் உடனே சரி என்றார். "தயவு பண்ணி எடுத்துட்டுப் போங்கம்மா. பல் பிடுங்க வர்றவங்க அதுல பத்து நிமிஷம் உக்காந்தா வலி போயிடுச்சுன்னு எழுந்து வீட்டுக்குப் போயிடறாங்க. அவன் இருந்தப்பவும் பயமா இருந்தா நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவான். போயும் அதே வேலையைப் பண்றான்."

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அவள் போனாள். பச்சை ரெக்ஸின் போட்ட, கைப்பிடி உரிந்த நாற்காலி. தூக்கும்போது சூடு இருந்தது. வாசல் கதவைத் தாண்டும்போது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தெருவுக்கு வந்து வண்டியில் ஏற்றக் கை வைத்தபோது எந்தக் கடையிலும் இருக்கிற நாற்காலிபோல் ஆகிவிட்டது. அவள் திருப்பித் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அது இருந்த மூலையில், நாற்காலியே இல்லாத இடத்தில், தாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நோயாளிகள் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். சூடு இடத்தில்தான் இருந்தது.

"எடுத்தது எடுத்ததுதான், எடுத்துட்டே போங்கம்மா" என்று டாக்டர் கெஞ்சினார்.

வண்டிக்காரன் கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவளே தூக்கி ஏறினாள். முதல் மாடி வரை தலையில், அப்புறம் இடுப்பில், அப்புறம் ஒவ்வொரு படியாக இழுத்து. மூன்றாவது மாடி தாண்டியதும் மூச்சு முட்டியது. நாற்காலியைத் திருப்பத்தில் நிறுத்தினாள். அதில் உட்கார மனசு வரவில்லை. பூனையைத் தள்ளிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. கல் படி. ஐந்து நாற்காலிகளிலும் இருந்த அதே சூடு, சுவரோரமாக, ஒரு ஆள் அகலத்துக்கு.

மூன்றாவது மாடியில் இருந்த டிராயிங் டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுகிற அக்காவைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது குழாய்ச் சூடு இல்லயா?" என்று அக்கா கேட்டாள்.

"குழாய் அந்தப் பக்கச் சுவர்லல்ல போகுது" என்றாள் டீச்சர். "தம்பி தினமும் இங்கதானே உக்காந்திருப்பாரு, நீங்க வர்ற வரைக்கும். மூணு மணி நேரம், நாலு மணி நேரம். உங்களுக்குத் தெரியாதா? கீழ் வாசல்ல உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து மேல ஓடிடுவாரு."

அக்கா தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஆரம்பத்துல ஒரு நாள் என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டாரு. 'டீச்சர், படி வீட்டுக்குள்ள சேருமா, வெளியில சேருமா?' எதுக்குன்னேன். 'வீட்டுக்குள்ள உக்காரக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கு'ன்னாரு. படி எல்லாருக்கும் பொது, வீட்டுக்குள்ள சேராதுன்னேன். 'அப்ப இங்கயிருந்தே அக்காவுக்குக் காத்திருக்கலாம்'னு உக்காந்துட்டாரு. நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்" என்றாள் அக்கா.

பச்சை நாற்காலி இப்போது டீச்சர் வீட்டில் இருக்கிறது, அதில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். அக்கா மாலை ஆறு மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்ததும் வீட்டைத் திறக்காமல் முதலில் அந்தப் படியில் உட்காருகிறாள். சூடான இடத்தில் உட்காருவதில்லை. அதற்குப் பக்கத்தில், கைப்பிடி ஓரமாக, ஜில்லென்ற பாதியில் உட்காருகிறாள். அன்று தைத்த காலர்களைப் பற்றியோ சூப்பர்வைசரைப் பற்றியோ ஒன்றிரண்டு வார்த்தை சொல்வதும் உண்டு. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் காலை ஒதுக்கி வைத்துக் கடந்துபோகப் பழகிவிட்டார்கள். தபால்காரர் நான்காவது மாடிக் கடிதங்களை அங்கேயே கொடுத்துவிடுகிறார்.

போன மாதம் மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி மாற்ற வந்த புது ஆள் ஒருவர், தோளில் நீளமான குழாயோடு வந்து, வழி போதாமல் நின்றார். "அம்மா, கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளி உக்காருங்களேன், இடம் சும்மாத்தானே கிடக்கு" என்றார்.

"ஆள் இருக்கு" என்றாள் அக்கா.

அவர் அந்தக் காலி இடத்தை ஒரு தடவை பார்த்தார். "சரிங்க" என்று குழாயை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, அந்த இடத்துக்கு மேலாக, யார் தலையிலும் இடிக்காமல், பதமாகக் கொண்டுபோனார்.